கணவாயில் எட்டாவது நாட்ச்

மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதையில் டீசல் இன்ஜினின் குரலை முழுசாகக் கேட்க விரும்பியவர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாயை விட்டால் வேறு இடம் இல்லை. உசிலம்பட்டியைத் தாண்டிய வண்டி அங்கேதான் மலையின் இடுக்கில் ஏறும். அதுவரை கதையும் கடலையுமாக வந்த பெட்டியில், அந்த இடத்தில் மட்டும் ஆட்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். ஒய்.டி.எம்.-4 என்ற அந்த இன்ஜின் தன் பலம் அத்தனையையும் அங்கே வெளியே எடுக்கும். முதலில் பெட்டியின் தரை வழியாகக் கால்களுக்கு வரும் அதிர்வு, அதன்மேல் ஏறிவரும் டர்போவின் சீழ்க்கை, பாறையில் மோதித் திரும்பும் இரண்டின் எதிரொலி. கணவாயின் உச்சி கடந்ததும் டிரைவர் கைப்பிடியைக் குறைப்பார். சட்டென்று எல்லாம் அடங்கி, தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசை மட்டும் மிஞ்சும்.

எனக்கு அந்தச் சத்தம் மலைக்கு மேற்குப் பக்கத்தில் இருந்துதான் அறிமுகம். அம்மாச்சி ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். வண்டி மலைக்குப் பின்னால் ஏறும்வரை ஒரு முனகல் மட்டும் கேட்கும். கணவாய் வாய்க்கு வந்ததும் அதே ஒலி திறந்துகொண்டு ஊர்மேல் இறங்கும். கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். அந்தக் காணாமல் போவதைத்தான் அம்மாச்சி கவனிக்கும். "வண்டி கணவா ஏறி எறங்கிருச்சு, வெரசா கெளம்புத்தா" என்று அம்மாவை விரட்டும். கடிகாரம் பார்த்துச் சொன்னதில்லை. இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை இல்லை, சத்தம் நின்றால் வண்டி ஸ்டேஷனை நெருங்குகிறது. இன்ஜின் நூல் எதையும் படிக்காத ஒருவர், டீசல் இன்ஜினின் அடிப்படை இலக்கணத்தைக் காதாலேயே தெரிந்துவைத்திருந்தார் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

அந்த இலக்கணம் இதுதான். இந்த வகை டீசல் லோகோமோட்டிவில் கார், பஸ்ஸில் உள்ளதுபோல் கியர்பாக்ஸ் கிடையாது. உள்ளே இருக்கும் டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களை ஓட்டும். ஒய்.டி.எம்.-4-க்கு ஆறு அச்சு, ஆறு மோட்டார். ஆகவே இன்ஜினின் சத்தத்துக்கும் வண்டியின் வேகத்துக்கும் நேரடி உறவு இல்லை. கணவாயில் சைக்கிள் வேகத்தில் ஊரும்போது தொண்டை கிழியப் பாடும். இறக்கத்தில் முழு வேகத்தில் ஓடும்போது முணுமுணுக்கும். காதில் விழுவது உழைப்பின் அளவு. டீசல் இன்ஜின் ரசனை என்று ஒன்று இருக்குமானால் அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேரையும் அவர்களின் மூட்டை முடிச்சுகளையும் ஓர் இயந்திரம் இழுத்துச் செல்லும்போது, அது படும் பாட்டை ஒளிவுமறைவு இல்லாமல் கேட்க முடிந்தது.

இந்த இன்ஜினின் பூர்வீகம் அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்கெனெக்டடி நகரின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. 1960-களின் தொடக்கத்தில் முதல் வண்டிகள் கப்பலில் வந்தன. கனடாவின் மான்ட்ரியலில் இருந்தும் சில வந்தன. 1968 முதல் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் இங்கேயே கட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1969-இல், ஆல்கோ தன் லோகோமோட்டிவ் தொழிலையே மூடிவிட்டது. தாய்நாட்டில் கம்பெனி இல்லாமல் போன பிறகும் அதன் '251' வகை இன்ஜின் இந்தியத் தண்டவாளங்களில் பல பத்தாண்டுகள் பாடிக்கொண்டிருந்தது. ஒய்.டி.எம்.-4-இன் எடை 72 டன். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 9 அங்குல விட்டம். குதிரைத்திறன் சுமார் 1,350.

அந்த ஆறு என்ற எண்ணில்தான் அதன் அழகு ஒளிந்திருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 400 முறை சுற்றும். கணக்குப் போட்டால் நொடிக்கு 20 வெடிப்பு. மனிதக் காது ஓர் ஒலியைச் சுருதியாக உணரத் தொடங்கும் கீழ் எல்லையும் நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுதான். அதற்குக் கீழே தனித்தனித் தட்டுகள். அதற்கு மேலே நீளமான ஒரு நாதம். தேனி பிளாட்பாரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒய்.டி.எம்.-4 சரியாக அந்த வரம்பின் மேல் நின்றது. கவனித்துக் கேட்டால் தட்டுகளை எண்ணிவிடலாம் போலத் தோன்றும். எண்ணப் போனால் ஒன்றோடொன்று கலந்துவிடும். டிரைவர் கைப்பிடியை நகர்த்த, சுற்று ஆயிரத்தை நெருங்கும்போது நொடிக்கு 50 வெடிப்பாகும், லயம் முழுவதும் சுருதியாகியிருக்கும். கச்சேரியில் மிருதங்கமும் தம்பூராவும் தனித்தனி ஆட்கள் கையில் இருக்கும். இங்கே ஒன்றே மற்றொன்றாக மாறுவதைக் காதாரக் கேட்டோம்.

மாற்றம் ஒரே வழுக்கலாக நடப்பதில்லை. எட்டுப் படிகள் உண்டு, ரயில்வேக்காரர்கள் நாட்ச் என்பார்கள். ஒவ்வொரு நாட்சுக்கும் சுற்று ஒரு படி ஏறி அங்கே நிலைக்கும். முதல் நாட்சில் இணைப்புகள் இறுகும் சத்தம் பெட்டி பெட்டியாகப் பின்னால் ஓடும். மூன்று, நான்கில் டர்போ கண்விழிக்கும். டர்போ என்பது இன்ஜின் வெளிவிடும் புகையாலேயே சுழலும் சக்கரம். சுழன்று உள்ளே காற்றைத் திணிக்கும். அதற்கு எப்போதும் ஒரு தாமதம் உண்டு. டிரைவர் நாட்ச் போட்டதும் எண்ணெய் உடனே வந்துவிடும், காற்று பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் புகைபோக்கியில் இருந்து கரும்புகை எழும். கைப்பிடியைக் குறைக்கும்போது நேர்மாறு. இன்ஜின் அடங்கிவிடும், டர்போ சக்கரம் மட்டும் தன் வேகத்தில் சுழன்று, சீழ்க்கை மெல்ல மெல்லக் கீழிறங்கும். கணவாய் கடந்ததும் கேட்கும் அந்தச் சரிவை, பாடகர் உச்சத்தில் இருந்து இழைத்து இறங்கும் இடத்துக்குச் சமமாக வைத்துக் கேட்கிறவன் நான்.

கேட்கக் கேட்க, டிரைவரின் கையும் பிடிபடும். நிதானக்காரர் ஒரு நாட்ச் போட்டு, மின்னோட்டம் காட்டும் முள் இறங்கக் காத்திருந்து, அடுத்ததைத் தொடுவார். புகை குறையும், ஒலி படிப்படியாக ஏறும். அவசரக்காரர் கையில் வண்டி கரும்புகையும் கனைப்புமாகக் கிளம்பும். மழையில் தண்டவாளம் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். வழுக்கியதும் தேர்ந்த கை உடனே நாட்சைக் குறைத்து, மணல் விட்டு, மறுபடி ஏற்றும். ஏற்றத்தில் நிற்காமல் போய்ச் சேர்வதில் பாதி வேலை காதுடையது. பழகிய பிட்டரும் அப்படியே. திருச்சி பொன்மலை ஷெட்டில் இந்த இன்ஜின்களைப் பார்த்துக்கொண்ட தொழிலாளர்களுக்கு ஆறில் ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்றால் மீட்டர் வேண்டியதில்லை. ஒரே சீரான ஓட்டத்தில் ஒரு சின்ன நொண்டல் வரும், அது போதும். ஓர் இயந்திரத்தின் நோயைத் தாளப் பிசகாகக் கேட்கும் இந்தத் திறமைக்கு எந்தப் பட்டமும் கிடையாது. கலை என்று இதை அழைக்க எனக்குத் தயக்கமும் கிடையாது.

தேனி வட்டாரத்தின் நிலமும் காற்றும் கேட்பவருக்கு ஒத்தாசை செய்தன. மேற்கே போடிமெட்டு மலை, தெற்கே வருசநாட்டு மலை, வடக்கே பழநிமலைத் தொடர். நடுவில் திறந்த வயல்வெளி. மார்கழி இரவில் குளிர்ந்த காற்று நிலத்தோடு படிந்து, வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து திரும்பக் கீழே வரும். அதனால்தான் பகலில் கேட்காத தூரத்து வண்டி இரவில் பக்கத்துத் தெருவில் நிற்பதுபோல் கேட்டது. ஆடி மாதம் கதை வேறு. கணவாய்களின் வழியே மேற்கில் இருந்து அடிக்கும் காற்று ஒலியைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். ஆண்டிபட்டியில் இருப்பவருக்குத் தேனியில் இருந்து வரும் வண்டி சீக்கிரமே கேட்கும், மதுரையில் இருந்து வருவது ஊரை நெருங்கும்வரை கேட்காது. ஆடியில் அம்மாச்சியின் கணக்கும் தவறும். இன்று அந்தக் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் உட்பகுதிக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எதிலும் தண்டவாளம் கிடையாது. திண்டுக்கல்லில் இருந்து லோயர்கேம்ப் வரை பாதை வேண்டும் என்ற கோரிக்கை தலைமுறை தாண்டியும் கோரிக்கையாகவே இருக்கிறது. அவர்களுக்கு ரயில் சத்தம் என்பது பஸ் ஏறித் தேனிக்கோ போடிக்கோ வந்து கேட்க வேண்டிய ஒன்று. போடிக்குப் பாதை 1928-இல் வந்ததற்கே மலைமேல் விளைந்த ஏலமும் தேயிலையும் காரணம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில்தான் மறுபடி வண்டி ஓடியது. அப்போது நீராவி. நீராவியின் மூச்சைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் டீசலை ஏற்கவில்லை, "இது என்ன உறுமலு" என்றார்கள். அவர்கள் கேட்டதும் உழைப்பின் ஒலிதான், மூச்சு மட்டும் வேறு.

மதுரை ஜங்ஷனில் நின்றவர்களுக்கு ஒப்பிட்டுக் கேட்கும் பாக்கியம் இருந்தது. ஒரு பக்கம் ஆறு சிலிண்டர் ஒய்.டி.எம்.-4, மறுபக்கம் அகலப்பாதையில் அதன் பெரிய உறவு டபிள்யூ.டி.எம்.-2. அதே 251 குடும்பம், 'வி' வடிவில் 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், 112 டன்னுக்கு மேல் எடை. கம்பீரம் அதற்குத்தான். ஆனால் தட்டும் நாதமும் முட்டிக்கொள்ளும் அந்த எல்லை சின்னதிடம்தான் இருந்தது. கேட்கச் சொன்னால் இன்றும் சின்னதையே தேர்ந்தெடுப்பேன். 1999-இல் இறக்குமதியாகத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் வகை இன்ஜின்கள் இரண்டு ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். ஒலி நெருங்கி, இடைவெளி இல்லாத முழக்கமாகும். அதையும் உயிராக நேசிப்பவர்கள் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954-இல் கனடா இலங்கைக்குக் கொடுத்த இன்ஜின்கள் இரண்டு ஸ்ட்ரோக் வகைதான். 1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியோடு அந்த முழக்கம் யாழ்ப்பாணத்தாரின் காதில் பதிந்திருக்கிறது. எந்தச் சத்தம் இனிது என்பதில் வாதம் வேண்டாம். ஊருக்கு ஊர் மேளக்கட்டு மாறத்தான் செய்யும்.

2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போடி மீட்டர்கேஜ் முடிந்தது. அகலப்பாதை வேலை நீண்டுகொண்டே போய், 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூன் மாதம் போடிக்கும் வண்டி திரும்பியது. கணவாயில் பாறையை இன்னும் ஆழமாக, அகலமாக வெட்டியிருக்கிறார்கள். ஏற்றத்தில் வண்டி முன்போலத் திணறுவதில்லை. பாதையின் மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ரயில் இல்லாமல் மதுரை ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் அல்லாடிய மாவட்டத்துக்கு இது பெரிய காரியம். கரும்புகை திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசித்தவர்கள் ஓட்டியவர்களும் ஷெட்டில் நின்றவர்களும்தான்.

நான் கேட்பது ஒலிப்பதிவு. பழைய இன்ஜின்களை வர்ணம் பூசி ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைக்கிறோம், அதன் குரலை எங்கும் வைப்பதில்லை. ஊமையாக நிற்கும் 72 டன் இரும்பு, அது செய்த வேலையில் காலே அரைக்கால் பங்கைத்தான் சொல்லும். நிற்கும் ஓசை, எட்டு நாட்சும் ஒவ்வொன்றாக, ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு, கைப்பிடியைக் குறைத்ததும் இறங்கும் டர்போ, வேக்குவம் பிரேக் போடும்போது காற்று உள்ளே இழுபடும் சீற்றம். இவற்றை நல்ல மைக் வைத்து, எந்த வண்டி, எந்த இடம் என்ற குறிப்போடு சேர்த்துவைக்க வேண்டும். ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர்களையும் பிட்டர்களையும் அருகில் உட்காரவைத்து, எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிய வேண்டும். செல்போனில் எடுத்த துண்டுகள் நிறையப் பேரிடம் இருக்கின்றன. காற்றிரைச்சலும் கூச்சலும் கலந்திருந்தாலும் அவையும் அழியக் கூடாதவையே.

இன்னும் நேரில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் நீலகிரிக்குப் போகலாம். தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் மீட்டர்கேஜ் பாதை அது ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை பல்சக்கர நீராவி வண்டி பெயர் வாங்கிக்கொள்கிறது. குன்னூருக்கு மேலே, வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரை வண்டியை ஓட்டுவது ஒய்.டி.எம்.-4. இன்ஜினை ஒட்டிய பெட்டியில் இடம் பிடியுங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஸ்டேஷனில் நிற்கும்போதே தட்டுகளை எண்ணிப் பாருங்கள், பிறகு டிரைவர் எந்த நாட்சில் இருக்கிறார் என்று ஊகித்துக்கொண்டே போகலாம்.