மூணு சர்வர், ஒரே ஸ்விட்ச்

வீட்டில் சர்வர் லேப் அமைப்பது பற்றிய வீடியோக்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் பெட்டி பிரிப்பார்கள். பழைய ரேக் சர்வர் ஒன்றோ, உள்ளங்கை அகல மினி பிசி மூன்றோ வெளியே வரும். அப்புறம் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவுவது, மூன்றையும் கிளஸ்டராகக் கோர்ப்பது, ஹை அவைலபிலிட்டி (இனி ஹெச்ஏ) டிக்கை அடிப்பது. கடைசியில் எல்லாம் பச்சையாகத் தெரியும் டாஷ்போர்ட். "இனி ஒரு சர்வர் செத்தாலும் உங்க சர்வீஸ் நிக்காது." சுபம்.

அந்த வாக்குறுதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. இதை நம்பி காசு போடுகிறவர்களில் வேலை தேடும் மாணவர்கள் நிறைய பேர். இந்த மூன்று பெட்டியும் நினைவகமும் வாங்கச் செலவாகும் தொகை ஒரு நல்ல லேப்டாப்பின் விலை.

பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அதைச் செய்வது கோரோசிங்க் என்ற நிரல். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஓட்டு. மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் கையில் இருந்தால்தான் ஒரு பெட்டி எதையும் மாற்றலாம். இதுதான் கோரம். சட்டசபையில் கோரம் இல்லாவிட்டால் அவை நடத்த முடியாது இல்லையா, அதே சொல்தான், அதே அர்த்தம்தான்.

இப்போது இரண்டு பெட்டி மட்டும் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். பட்ஜெட் காரணமாக இப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள். மொத்தம் 2 ஓட்டு, பாதிக்கு மேல் என்றால் 2 ஓட்டுமே வேண்டும். ஒரு பெட்டி அணைந்ததும் மற்றதுக்குக் கோரம் போய்விடும். ஏற்கெனவே ஓடும் விஎம்கள் ஓடும், ஆனால் புதிதாக ஒன்றைக்கூட ஸ்டார்ட் பண்ண முடியாது. கட்டமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவு படிக்க மட்டுமே என்று பூட்டிக்கொள்ளும். ஒரே பெட்டியாகத் தனியாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நம்பகத்தன்மைக்காக வாங்கிய இரண்டாவது பெட்டி, முதல் பெட்டியின் கையைக் கட்டிப்போடுகிறது.

மூன்று பெட்டி என்றால் சரியாகிவிடுமா? ஒரு பெட்டி போனால் சரிதான். ஆனால் வீட்டில் முதலில் போவது பெட்டி இல்லை, கரண்ட். சர்வர்கள் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கின்றன என்று வையுங்கள். மூன்றையும் இணைக்கும் ஸ்விட்ச் மட்டும் ரவுட்டருக்குப் பக்கத்து பிளக்கில், யுபிஎஸ்ஸுக்கு வெளியே. (நம் வீடுகளில் இது சகஜம். ஃபைபர் கேபிள் ஹாலில் வந்து இறங்கும், யுபிஎஸ் வேறு அறையில் இருக்கும்.) கரண்ட் போகிறது. ஸ்விட்ச் அணைகிறது. சர்வர் மூன்றும் நல்ல ஆரோக்கியமாக ஓடுகின்றன, ஆனால் ஒன்றுக்கு மற்றது கண்ணில் தெரியவில்லை. ஒவ்வொன்றும் தன் ஒற்றை ஓட்டோடு நிற்கிறது. கோரம் இல்லை. ஹெச்ஏவில் சேர்த்த விஎம் ஓடும் ஒவ்வொரு பெட்டியும் சுமார் ஒரு நிமிடம் காத்திருந்து, வாட்ச்டாக் மூலம் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். மூன்றிலும் அப்படி விஎம் இருந்தால் மூன்றும் விழும்.

இது பிழை இல்லை. தனித்துவிடப்பட்ட ஒரு பெட்டியும் மீதி இரண்டும் "மற்றவன் செத்துட்டான்" என்று முடிவு கட்டி ஒரே விஎம்மை இரண்டு இடத்தில் ஓட்டினால், பொது வட்டில் இருக்கும் தரவு கந்தலாகிவிடும். அதற்குப் பயந்துதான் ஓட்டில்லாத பெட்டி ஒதுங்கிக்கொள்கிறது. வடிவமைத்தவர்கள் தெளிவாகவே யோசித்திருக்கிறார்கள். கோரோசிங்க்குக்குத் தனி நெட்வொர்க் வேண்டும், மாற்று இணைப்பும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிராக்ஸ்மாக்ஸின் சொந்தக் கையேடே சொல்கிறது. அதைப் படித்துவிட்டு எடுத்த வீடியோ மாதிரி பல தெரிவதில்லை என்பதுதான் என் புகார். ஹெச்ஏ என்பதை ஒரு டிக் பெட்டியாகக் காட்டுகிறார்கள். அது இரண்டு ஸ்விட்ச், இரண்டு மின்வழி, பொதுச் சேமிப்பு எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. டிக்கை மட்டும் அடித்தால், ஸ்விட்ச் ஒரு தடவை ரீபூட் ஆனாலே மொத்த லேபும் காலி.

பொதுச் சேமிப்பு என்றேன். அங்கேயும் ஒரு சறுக்கல். விஎம்மின் வட்டு உள்ளூர் எஸ்எஸ்டியில் மட்டும் இருந்தால், அந்தப் பெட்டி போனால் வட்டும் அதோடு போகும். ஹெச்ஏ எதை எடுத்து வேறு பெட்டியில் ஓட்டும்? ஜெட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் போட்டால் கடைசிப் பிரதிக்குப் பிறகு எழுதியது போச்சு. இயல்பான இடைவெளி 15 நிமிடம். செஃப் போட்டால் வழக்கமாக மூன்று பிரதி, அதாவது 3 டிபி வாங்கினால் 1 டிபிதான் கையில். போதாததற்கு ஒவ்வொரு எழுத்தும் நெட்வொர்க்கில் போய்ப் பத்திரமாகப் பதிந்து திரும்பவேண்டும். மின்காப்புக் கெப்பாசிட்டர் இல்லாத சாதா எஸ்எஸ்டியும் 1 ஜிகாபிட் ஸ்விட்சும் சேர்ந்தால் அது ஊர்ந்துதான் போகும்.

பழைய ரேக் சர்வர் விஷயத்தில் இன்னும் கடுமையாகவே சொல்வேன். விலை மலிவு, உண்மைதான். ஆனால் சும்மா இருக்கும்போதே 120 வாட் இழுத்தால் மாதம் 86 யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாத பில்லில் 173 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் இதுவே உங்களை 500 யூனிட்டைத் தாண்டவைத்துவிடும். தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. 15 வாட் மினி பிசி என்றால் அதே பில்லில் 22 யூனிட்தான். விசிறிச் சத்தத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டில் இருப்பவர்கள் சேர்ப்பார்கள்.

இத்தனைக்கும், மெய்நிகராக்கம் கற்க இவ்வளவு இரும்பு தேவையே இல்லை. 1974ல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் ஒரு விஎம் கண்காணிப்பு நிரலுக்கு மூன்று இலக்கணம் வகுத்தார்கள்: உள்ளே ஓடும் நிரல் நிஜ இயந்திரத்தில் ஓடுவது போலவே ஓடவேண்டும், வளங்கள் முழுக்கக் கண்காணிப்பு நிரலின் பிடியில் இருக்கவேண்டும், பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேராகச் சிப்பில் ஓடவேண்டும். எக்ஸ்86 சிப்புகள் இதில் தேறவில்லை. பென்டியத்தில் 17 கட்டளைகள் இடைஞ்சல் என்று ராபின், இர்வின் இருவரும் 2000ல் கணக்கெடுத்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக விஎம்வேர் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. 2005ல் இன்டெலும் 2006ல் ஏஎம்டியும் சிப்பிலேயே வழி செய்தன. 2007ல் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. அதற்குப் பிறகு சர்வரில் இருக்கும் அதே வித்தை சாதாரண லேப்டாப்பிலும் இருக்கிறது.

பிராக்ஸ்மாக்ஸின் அடியில் இருப்பதும் இந்த கேவிஎம்தான். ஒரு விஎம் என்பது ஒரு லினக்ஸ் பிராசஸ், அதன் ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவும் ஒரு திரெட். 'டாப்' போட்டால் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்த்தவருக்கு சிபியுவை இருப்பதைவிட அதிகமாகப் பங்குபோடலாம், நினைவகத்தை அப்படிப் பங்குபோட்டால் உதைக்கும் என்பது தானாகப் புரியும். டாஷ்போர்ட் மட்டும் பார்த்தவர் 16 ஜிபியில் ஆறு விஎம்முக்கு தலைக்கு 4 ஜிபி கொடுத்துவிட்டு, ஏன் ஒன்று திடீரென்று செத்துப்போகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கட்டணச் சந்தா இல்லாத பிராக்ஸ்மாக்ஸில் லாகின் செய்ததும் ஒரு அறிவிப்பு வரும். அதை நீக்க, இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை ஒற்றை வரியில் இறக்கி ரூட் அனுமதியோடு அப்படியே ஓட்டச் சொல்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்ப்பதில்லை. சர்வர் நிர்வாகம் கற்கவந்தவருக்குக் கொடுக்கும் முதல் பாடமா இது! ஒரு கிளிக் மிச்சம் பிடிக்க இது கொஞ்சம் ஓவர்.

இலவசம் என்பதையும் சாசனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விஎம்வேரை பிராட்காம் வாங்கி முடித்தது 2023 நவம்பரில். 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. இந்த இடைவெளியில் பலர் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறினார்கள். தங்கள் விஎம்களை வேறு வடிவத்துக்கு மாற்றத் தெரிந்திருந்தவர்களுக்கு அது ஒரு வாரயிறுதி வேலை.

மாணவர்களுக்கு என் யோசனை: 16 ஜிபி நினைவகமுள்ள லினக்ஸ் லேப்டாப் ஒன்று போதும். விஎம்முக்குள் விஎம் ஓட்ட கெர்னலே இடம் கொடுக்கிறது. தலைக்கு 3 ஜிபி கொடுத்து மூன்று பிராக்ஸ்மாக்ஸை விஎம்களாக நிறுவுங்கள். கிளஸ்டர் ஆக்குங்கள். வேகமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி விஎம்மை ஹெச்ஏவில் சேருங்கள். அப்புறம் விர்ட் மேனேஜரில் ஒரு பெட்டியின் நெட்வொர்க் இணைப்பை மட்டும் துண்டியுங்கள், அதன் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தை ஒட்டி அது தானாக ரீபூட் ஆகும். அடுத்து மூன்றின் இணைப்பையும் துண்டித்துப் பாருங்கள்.