முயல் வேலியும் வகுப்பறையும்

பெர்த் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "தாத்தா, நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே, இதுக்கு ஹெல்ப் பண்ணுங்க." பள்ளியில் ஒரு படம் காட்டியிருக்கிறார்கள்: 'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்', 2002இல் ஃபிலிப் நாய்ஸ் இயக்கியது. படத்தை ஒட்டிய கேள்வித்தாள்தான் அந்தக் காகிதம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டபோது மோலி எப்படி உணர்ந்திருப்பாள்? உன் மனதைத் தொட்ட காட்சி எது? பாலைவனத்தில் வழி கண்டுபிடிக்க அவள் கையாண்ட திறமைகள் யாவை? கடைசியாக, பூர்வகுடிகளின் பாணியில் புள்ளிகளால் ஓர் ஓவியம் வரைக.

எல்லாவற்றுக்கும் அவளே எழுதிவிட்டாள். பிறகு தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "அந்த நெவில் ஏன் தாத்தா அப்படிச் செஞ்சார்? அவர் கெட்டவரா?"

பம்பாயில் முப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவே அவளோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். மறுநாள் நூலகத்திலிருந்து மூலநூலையும் எடுத்துவந்து படித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்குச் சிட்னியிலோ மெல்பர்னிலோ ஒரு பேரனோ பேத்தியோ இருப்பதால் இது அந்நிய விஷயம் ஆகாது என்று நம்புகிறேன்.

நூலின் பெயர் 'ஃபாலோ த ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்'. எழுதியவர் டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா, வெளிவந்தது 1996இல். கதாநாயகி மோலி அவருடைய சொந்தத் தாயார். மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல்கள் விளைநிலங்களுக்குள் புகாமலிருக்க 1901 முதல் 1907 வரை வடக்கு தெற்காக 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு வேலி போட்டார்கள். அந்த வேலியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்கும் ஒரு மார்டு இனப் பெண்ணுக்கும் பிறந்தவர் மோலி. 1931இல், பதினான்கு வயதில், டெய்சி, கிரேசி என்ற இரண்டு தங்கைமுறைச் சிறுமிகளோடு ஜிகலாங் பகுதியிலிருந்து பிடித்துக்கொண்டுபோகப்பட்டு, பெர்த்துக்கு வடக்கே மூர் ரிவர் என்ற அரசுக் குடியிருப்பில் சேர்க்கப்பட்டார். சேர்ந்த சூட்டோடு மூவரும் தப்பினார்கள். வேலியை அடையாளமாக வைத்துக்கொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தார்கள். கிரேசி வழியில் பிடிபட்டுவிட்டார். மற்ற இருவரும் ஊர் சேர்ந்தார்கள்.

இந்தக் கதையைப் படமாக எடுத்தால் எப்படி இருக்கும்? நாய்ஸ் எடுத்த மாதிரிதான் இருக்கும். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. படம் வந்திராவிட்டால் இந்த நூலை உலகம் கையில் எடுத்திருக்காது. அந்தச் சிறுமிகளின் நடிப்பும் லேசில் மறக்கக்கூடியதல்ல. ஆனால் குழந்தைகளைப் பிடிக்கும் அந்த முக்கியமான காட்சியைப் பாருங்கள். படத்தில் கார் துரத்துகிறது, போலீஸ்காரர் பாய்கிறார், தாய் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்குகிறார், பெண்கள் கண்ணாடியை அறைந்து கதறுகிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நூலில் நடப்பது வேறு. போலீஸ்காரர் குதிரையில் வருகிறார். வந்த காரியத்தைச் சொல்கிறார். குடும்பத்துப் பெரியவர் புரிந்தது என்று தலையை ஆட்டுகிறார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கண்ணீர் இருக்கிறது, பின்னால் ஒப்பாரியும் இருக்கிறது; இழுபறி மட்டும் இல்லை. பிறகு போர்ட் ஹெட்லண்டிலிருந்து ஃபிரிமாண்டில் வரை கப்பல் பயணம். நூலின் கடல் அத்தியாயத்தில் யாரும் அந்தப் பிள்ளைகளிடம் கொடூரமாக நடந்துகொள்வதில்லை. படத்தில் அந்தக் கப்பலே கிடையாது.

இதில் எது மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும்? நூல்தான் என்பேன். பிடுங்கும் காட்சியைப் பார்த்த பிள்ளை "பாவம்" என்று சொல்லும், போலீஸ்காரர் பொல்லாதவர் என்று சொல்லும், அதோடு விஷயம் முடிந்துவிடும். தலையாட்டலைப் படித்த பிள்ளை, "ஏன் யாருமே சண்டை போடலை?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 1905ஆம் வருஷத்துச் சட்டத்தில் போய் நிற்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளுக்கும், 'கலப்பு' என்று சட்டம் பெயர் சூட்டிய குழந்தைகளுக்கும் சட்டப்படியான கார்டியன் பெற்ற தாயல்ல. தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரி. 1936இல் அந்த வயது இருபத்தொன்று ஆக்கப்பட்டது. ஆக, வந்த போலீஸ்காரர் பிள்ளையைத் திருட வரவில்லை. சட்டத்தின் கண்ணில், கார்டியனிடம் கொண்டுபோய் ஒப்படைக்க வந்திருக்கிறார். தலை குனிந்தவர்களுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் குனிந்தார்கள்.

அந்தப் பாதுகாவலர்தான் ஏ. ஓ. நெவில். 1915 முதல் 1940 வரை கால் நூற்றாண்டு அதே நாற்காலி. படத்தில் கென்னத் பிரானா அவரை அலட்டிக்கொள்ளாமல் நடித்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குப் புதுச் செருப்பு தரலாமா என்று அவர் கணக்குப் பார்க்கும் காட்சிதான் எனக்குப் படத்திலேயே பிடித்தது. இனவெறி என்றால் என்ன என்று அந்த அரை நிமிஷம் சொல்கிறது. ஒர்க்ஷீட்டில் அதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

நூலாசிரியர் கதையை அப்பப்போ நிறுத்தி, அரசு ஆவணங்களை நடுவில் வைக்கிறார். கடிதங்கள், போலீஸ் தகவல்கள், ஒரு பத்திரிகை அறிவிப்பு. பிள்ளைகளுக்குக் காட்டில் ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று அந்த அறிவிப்பில் கவலைப்படுபவர் நெவில்தான்! கவலை பொய்யென்று நான் நினைக்கவில்லை. பிறகு தேடுதலை நிறுத்தும்போது அவர் சொல்லும் காரணம், துறைக்கு ஏகப்பட்ட செலவாகிவிட்டது என்பது. தாய் எழுத முடியாத நாட்களை மகள் எழுதுகிறார். தாயைப் பற்றி அலுவலகம் எழுதிவைத்ததையும் பக்கத்திலேயே ஒட்டுகிறார். நூலின் பலமே அந்த ஒட்டில் இருக்கிறது. சிலருக்கு நடை வறட்சியாகப் படலாம். எனக்கும் முதல் அத்தியாயங்களில் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. கதை மோலியிடம் வருவதற்கு முன்னால் 1820களில் தென்கரையில் சிப்பாய்கள் வந்திறங்கியது, ஸ்வான் நதிக் குடியேற்றம், நிலம் பறிபோனது என்று ஆசிரியர் பின்னால் போகிறார். வகுப்பில் இந்தப் பகுதியைத்தான் முதலில் தள்ளிவிடுவார்கள். தள்ளினால் 1931 வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும்.

கடைசி அத்தியாயத்துக்கும் அதே கதிதான். நடந்து வீடு சேர்ந்ததோடு மோலியின் கதை முடியவில்லை. 1940இல் அறுவைச் சிகிச்சைக்காகப் பெர்த்துக்குக் கொண்டுவரப்பட்டவரை, இரண்டு பெண் குழந்தைகளோடு மறுபடி மூர் ரிவருக்கே அனுப்பினார்கள். 1941இல் கைக்குழந்தை அன்னபெல்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே வழியில் நடந்தார். மூத்தவளைத் தூக்க முடியாமல் விட்டுப் போனார். அப்படி விடப்பட்ட மூத்தவள்தான் டோரிஸ்! தாயை மறுபடி பார்க்க அவருக்கு இருபத்தொரு வருஷம் ஆயிற்று. அன்னபெல்லையும் மூன்று வயதில் எடுத்துக்கொண்டார்கள்; அந்த மகளைத் தாய் பிறகு பார்க்கவே இல்லை. படம் இதை முடிவில் சில வாக்கியங்களாகச் சொல்லி, நிஜ மோலியையும் டெய்சியையும் ஒரு நிமிஷம் காட்டுகிறது. பேத்தி வகுப்பில் அதற்குள் மணி அடித்துவிட்டதாம்.

டோரிஸுக்கு மிஷன் பள்ளியில் கிடைத்த கல்வி என்ன? தன் ஜனங்கள் பேயைக் கும்பிடுகிறவர்கள், அவர்களை நினைத்து வெட்கப்பட வேண்டும் என்பது. ஆகவே இந்தச் சரித்திரத்தில் பள்ளிக்கூடம் வெறும் பார்வையாளர் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் பூர்வகுடிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது; தலைமையாசிரியருக்கு இருந்த அந்த அதிகாரம் எடுக்கப்பட்டது 1972இல்தான். நானும் ஒரு வாத்தியார் என்பதால் இதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது.

புள்ளி ஓவியத்துக்கு வருகிறேன். அந்தப் பாணி இன்று உலகம் அறிந்த வடிவம் பெற்றது 1971இல், பெர்த்திலிருந்து வெகு தொலைவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே பப்புன்யா என்ற குடியிருப்பில். ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் தூண்ட, அங்கிருந்த பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்புக் கனவை வரைந்தார்கள். அந்தச் சுவர் சில வருஷத்தில் பெயிண்ட் அடித்து மறைக்கப்பட்டது. ஆக, புள்ளிகளுக்கும் ஓர் ஊர் உண்டு, உரிமை உண்டு, பின்னால் ஒரு கதையும் உண்டு. பெர்த் பக்கத்து நூங்கார் மக்களுடைய கலை வேறு. 1940களின் பிற்பகுதியில் கேரலப் என்ற குடியிருப்பில், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் நோயல் ஒயிட் என்ற ஆசிரியரிடம் படித்தபோது தங்கள் காட்டை, அந்தி வானத்தை வரைந்த படங்கள் இருக்கின்றன. அவை கடல் கடந்து நியூயார்க் மாநிலத்து கோல்கேட் பல்கலைக்கழகத்தில் போய்க் கிடந்து, 2013இல் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தன. அதே பெர்த்தில் படிக்கும் பேத்திக்கு அது தெரியாது. புள்ளி வைக்கத் தெரியும்.

நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சங்க மலர்களில் எத்தனை கட்டுரை பார்த்திருக்கிறோம்: குமரிக்கண்டம், நம் வளரியும் அவர்கள் பூமராங்கும், ஆகவே அவர்கள் நம் பங்காளிகள்! கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளின் பிரதிப்பெயர்களைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டது உண்மை. பிந்தைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு கொண்டாடிய அந்தக் கட்டுரைகளில் ஒன்றிலாவது மூர் ரிவர் என்ற பெயர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மாப்பிள்ளைக்கு என்னோடு கருத்து வேறுபாடு. "எதுக்கு மாமா பழசைக் கிளறணும்? நம்ம பிள்ளைங்க என்ன தப்பு பண்ணிச்சு?" என்றார். அங்கே பலர் கேட்கும் கேள்விதான் இது. 1997இல் 'பிரிங்கிங் தெம் ஹோம்' அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையே பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என்றது. 2008இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2023 அக்டோபரில், பூர்வகுடிகளுக்கு ஓர் ஆலோசனைக் குரலை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்ற வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளையின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: வில்லனைக் காட்டிப் பாடம் நடத்தினால், பிள்ளை ஒன்று குற்ற உணர்ச்சி கொள்ளும், அல்லது "நான் அவன் இல்லை" என்று விலகிக்கொள்ளும். சட்டத்தையும் கோப்பையும் காட்டி நடத்தினால் அந்தத் தொல்லை குறைவு. அங்கே கேள்வி யார் கெட்டவர் என்பதல்ல, இத்தனை சாதாரண மனிதர்கள் கையெழுத்துப் போட்டது எப்படி என்பது.

இதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் ஒரு விளையாட்டு வீரரிடமிருந்து வந்தது. 2013 மே மாதம் மெல்பர்ன் மைதானத்தில், பூர்வகுடிக் கால்பந்து வீரர் ஆடம் குட்ஸைக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரங்கு என்றாள். வயது பதின்மூன்று. மறுநாள் அவர், அந்தப் பெண்ணைப் பழிக்காதீர்கள், அவள் அதை எங்கோ கற்றிருக்கிறாள் என்ற பொருளில் பேசினார். அடுத்த இரண்டு வருஷங்களில் ஊர் ஊராக மைதானம் அவரை ஊளையிட்டது. 2015இல் விளையாட்டையே விட்டார். 2019இல் வந்த 'த ஃபைனல் குவார்ட்டர்' என்ற ஆவணப்படம் அதைச் சொல்கிறது. பின்னணிக் குரல் இல்லை, புதிதாக எடுத்த பேட்டி இல்லை. அன்று ஒளிபரப்பானதை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். டோரிஸ் கடிதங்களை வைத்த அதே முறை. மாப்பிள்ளை என்னோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் டீ போட்டார்.

பேத்தியின் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. 1905 சட்டத்தின் அந்த ஒரு பிரிவை அவளையே படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தாள். "அப்போ பதினாறு வயசு வரைக்கும் அவங்க அம்மா, அம்மாவே இல்லையா?" என்று கேட்டாள். சட்டப்படி இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'மனதைத் தொட்ட காட்சி' என்ற இடத்தில் எழுதியிருந்ததை அழித்து, செருப்புக் காட்சி என்று எழுதினாள். காரணம் எழுத இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள்.

புள்ளி ஓவியம் மட்டும் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறதாம். அங்கே இருந்தவரைக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி, "அப்படியே நம்ம ஊர் மார்கழிக் கோலம் மாதிரி இருக்குங்க" என்பாள்.