சுவரில் நிற்கும் சனம்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதி வீட்டு விறாந்தையில் முதலில் கண்ணில் படுவது படங்கள்தான். கதிரையில் அப்பு, பக்கத்தில் ஆச்சி. இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அடுத்தது சாமத்தியவீட்டுப் படம். பட்டும் நெற்றிச்சுட்டியுமாகப் பிள்ளை, பின்னால் ஸ்டூடியோத் திரையில் எந்த ஊரிலும் இல்லாத நீர்வீழ்ச்சி. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பனையும் கடலுமே பார்த்து வளர்ந்தவளுக்கு ஒருநாளாவது அருவி வேண்டாமா?

இப்போது படப்பிடிப்பாளரே குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறுகிறார், உப்புக்காற்றுக்குப் பயந்து கமராப் பையை நெஞ்சோடு அணைத்தபடி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் சோறூட்டல், கல்யாணம். நெடுந்தீவில் முருகைக்கல் மதிலும் குதிரைகளும் பின்னணி. மத்தியான வெயில் முகத்தைக் கெடுக்கும்; கைதேர்ந்தவர் பின்னேரம்வரை பொறுத்திருப்பார்.

ஆனால் உண்மையான கைவேலை, ஒருவர் இறந்து 31ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் அட்டைப் படத்தில்தான். 1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணைச் சனம் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ அல்பங்கள் வீட்டோடு போயின. பல கிழவர்களுக்கு மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றே. அந்த முத்திரையளவு முகத்தைப் பெருப்பித்து, கீறல் நீக்கி, வேட்டி சால்வையே உடுத்த மனிதருக்குக் கோட்டும் ரையும் போட்டுவிடுவார்கள். கோட்டை நான் மன்னிப்பேன். சுருக்கங்களை அழிப்பதைத்தான் மன்னிக்க முடிவதில்லை. முன்பு கனடாவுக்குத் தபாலில் போன பிரதி ஏதும் மகளிடம் இருந்தால் அதிர்ஷ்டம்: வாட்ஸ்அப்பில் வந்துசேரும், சொந்தச் சால்வையோடு.