பச்சைத் துணியும் நீலத் துணியும்

குறியீடு வாதம் அன்று. வாதம் தொடங்குமுன்பே அது நெஞ்சைத் தொட்டுவிடும். சிலுவையைப் போற்றும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே நாம் ஏற்காத ஓர் இயக்கத்தின் குறியீட்டையும் எள்ளி ஒதுக்காது, பொறுமையோடு பொருள் காண்பது நம் கடன்.

அர்ஜென்டினாவில் கருக்கலைப்பு உரிமை கோரியோரின் அடையாளம் முக்கோணமாய் மடித்த பச்சைத் துணி. 2003-இல் ரொசாரியோ நகரில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டில் அது தோன்றியது. 2018-இல் மசோதா மேலவையில் தோற்ற நாளிலும், 2020 டிசம்பர் 30 அன்று 14 வாரம் வரையிலான கருக்கலைப்பு சட்டமான நாளிலும் வீதிகளை நிறைத்தது அதுவே.

இத்துணிக்கு மூத்த துணி ஒன்று உண்டு. 1976-இல் ஆட்சியைப் பறித்த இராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் காணாமற்போகச் செய்தது. அவர்தம் அன்னையர் 1977 முதல் புவனோஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில் கூடினர். அவ்வாண்டு லூஜான் அன்னையின் திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்றபோது, ஒருவரையொருவர் இனங்காணத் தலையில் வெள்ளைத் துணி கட்டினர். அது குழந்தைக்குக் கட்டும் அணையாடை.

அவ்வடிவையே பச்சைத் துணி இரவல் பெற்றது. ஆயின், கண்ணுக்குத் தெரியாத பிள்ளையை 'இல்லை' என்று கொள்ள மறுத்தது வெள்ளைத் துணி. பச்சைத் துணியோ அப்பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம் விமரிசனம் இதுவே.

எனினும் அது பேசுவதற்கு நாம் செவிசாய்க்க வேண்டும். அமெரிக்காவில் இவ்வியக்கத்தார் துணி மாட்டும் கம்பி ஹேங்கரை ஏந்துகின்றனர். கருக்கலைப்பை நாடெங்கும் அனுமதித்த 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முன், மறைவில் கருவைக் கலைக்க முயன்று மாண்ட பெண்களின் நினைவு அது. 2022-இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டபோது மீண்டும் அதனை உயர்த்தினர். அப்பெண்களின் சாவும் நாம் துக்கிக்க வேண்டிய சாவே.

2018-இல் அர்ஜென்டினாவில் மசோதாவை எதிர்த்தோர் வான்நீலத் துணி அணிந்து, இரு உயிர்களையும் காப்போம் என்றனர். 'இரு' என்னும் சொல் ஒரு வாக்குறுதி. கருவுக்காகக் குரலெழுப்பியவர், கைவிடப்பட்ட தாயின் வாடகைக்கும் பாலுக்கும் பேறுகாலத்திற்கும் துணை நில்லாவிடில், நீலத் துணியும் பாதியே பேசும். நம் பங்கில், மணமாகாது கருவுற்ற ஒரு பெண் யார் வீட்டுக் கதவை அஞ்சாமல் தட்டுவாள்?

அணையாடை குழந்தையை மட்டும் நினைவூட்டுவதில்லை. அதனை நாளும் துவைத்துக் காயவைத்த தாயின் கைகளையும் நினைவூட்டுகிறது.