ஒளித்து வைத்த சிலையும் ஒதுங்க வந்த குடியும்

தமிழில் ஒரு கதை வகை உண்டு. படை வருகிறது என்ற சேதி கோயிலுக்கு எட்டுகிறது. கருவறைக்கு முன்னால் கல்திரை எழுப்புகிறார்கள். உற்சவ மூர்த்தியைத் துணியில் சுற்றி இரவோடு இரவாகக் கொண்டுபோகிறார்கள். சிலை காடு மலையெல்லாம் அலைந்து பல வருஷத்துக்குப் பிறகு ஊர் திரும்புகிறது. இல்லாவிட்டால் யாரோ மண் வெட்டும்போது வெளிப்படுகிறது. திருவரங்கத்து நம்பெருமாளுக்கு இந்தக் கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 37 வருஷம் ஊரை விட்டுப் போயிருந்த சிதம்பரத்து நடராசருக்கும் உண்டு. எங்கட கிழக்கில் திருகோணமலைக் கோணேசருக்கும் உண்டு.

இக்கதைகளை ஒரு முஸ்லிம் வாசகர் எப்படி வாசிப்பது? நம்மிடையே இரண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, சிலை பற்றிய கதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது. மற்றது, ‘துலுக்கர் படை’ என்ற சொல்லைக் கண்டதும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று வாதாடுவது. இரண்டுமே வாசிப்பு ஆகாது. உருவ வழிபாடு நமக்கு இல்லை என்பது அகீதா சம்பந்தப்பட்டது. அயலவன் தன் இழப்பை எப்படிச் சொல்லி வைத்திருக்கிறான் என்று அறிவது வேறு விஷயம். தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்த இரண்டாவது வேலையைத்தான் இங்கே செய்கிறேன்.

திருவரங்கத்துக் கதை

இவ்வகைக் கதைகளில் மிகவும் பரவியது திருவரங்கத்துடையது. ஸ்ரீ வேணுகோபாலனின் ‘திருவரங்கன் உலா’ நாவல் வழியாக இலங்கை வாசகர்களுக்கும் அது பழக்கம். அதன் மூலம் ‘கோயிலொழுகு’ என்ற கோயில் வரலாற்று ஏடு. 1311இல் மாலிக் கபூரின் படை தெற்கே வந்தது. 1323இல், பின்னாளில் முஹம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்ட உலூக் கானின் படை வந்தது. அந்த இரண்டாம் முறை, பிள்ளை லோகாசாரியர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் காலமானார். சிலை கேரளம், கன்னட நாடு, திருமலை என்று சுற்றி, 1371இல் செஞ்சியிலிருந்த விஜயநகர அதிகாரி கோபணாரியர் மூலம் திரும்பியது. இதற்குத் திருவரங்கத்தில் கல்வெட்டு இருக்கிறது. இடையில் போனது 48 வருஷம்.

இதில் நாம் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. படை வந்தது, கோயில் சூறையாடப்பட்டது, உயிர்கள் போயின. மதுரைச் சுல்தான்களின் கொடுமைக்கு நம்மவரே ஒருவர் சாட்சி. இப்னு பதூதா 1344இல் நம் தீவிலிருந்து அந்தக் கரைக்குப் போனார். அப்போது மதுரையை ஆண்ட கியாதுத்தீன் அவருக்குச் சகலன் முறை. அப்படியிருந்தும், அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற விதத்தை ரிஹ்லாவில் ஒளிக்காமல் எழுதி, அதனால்தான் அல்லாஹ் அவனுடைய முடிவை விரைவாக்கினான் என்றும் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு: சுல்தானை எதிர்த்து நின்ற ஹொய்சள மன்னன் வல்லாளனின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்களாம். ஒளிந்தோடி வந்தவர்களும் குற்றவாளிகளும் என்று அவர்களைப் பற்றி ஏளனமாகத்தான் எழுதுகிறார். ஆனாலும், இரண்டு மதங்கள் எதிரெதிரே நின்ற போர் என்று மேடைப் பேச்சாளர் வரையும் படத்துக்குள் அந்த இருபதினாயிரம் பேரை அடக்க முடியாது.

கோயிலொழுகும் அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. ஆய்வாளர் பலர் 1311ஆம் ஆண்டுப் படையெடுப்போடு பொருத்தும் பகுதியில், டில்லிக்குக் கொண்டுபோன சிலையைச் சுல்தானின் மகள் விளையாட்டுப் பொம்மையாக வைத்திருக்கிறாள். கரம்பனூர்ப் பெண்ணொருத்தி அதைத் தேடிப் பின்னாலேயே போகிறாள். பின்சென்றவல்லி என்பது அவளுக்கு வந்த பெயர். கோயில்காரர் ஆடிப்பாடிச் சுல்தானை மகிழ்வித்துச் சிலையை மீட்க, பிரிவு தாங்காத சுல்தானின் மகள் திருவரங்கம் வரை வந்து உயிர்விடுகிறாள். துலுக்க நாச்சியார் என்று அவளுக்கு அங்கே சன்னிதி இருக்கிறது. சிலை கிடையாது, சுவரில் எழுதிய ஓவியம்தான். பெருமாளுக்குக் கைலி உடுத்தி ரொட்டி படைக்கும் வழக்கமும் அவளை முன்னிட்டுத்தான் என்கிறார்கள்.

இது நடந்த வரலாறு என்று நான் வாதிடவில்லை. கவனிக்க வேண்டியது கதையைச் சொன்னவர்களின் மனம். தங்கள் கோயிலை உடைத்தவனின் வீட்டுப் பிள்ளையை அவர்கள் தங்கள் கோயிலுக்குள் குடிவைத்தார்கள். உருவம் வணங்காத குடியில் பிறந்தவள் என்பதால் அவளுக்கு உருவம் செய்யாமல் ஓவியத்தோடு நிறுத்தினார்கள் என்றும் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அது சரியானால், அயலாரின் கொள்கைக்கு இவ்வளவு நுணுக்கமாக மரியாதை செய்த இன்னொரு இடத்தைத் தமிழில் நான் படித்ததில்லை. இவர்கள் வெற்றி கொண்டாடியவர்கள் அல்லர், பாதிக்கப்பட்டவர்கள். அதனால்தான் இந்தப் பகுதிக்கு இலக்கிய மதிப்பு கூடுகிறது.

இன்னொரு இடமும் சிறப்பானது. 48 வருஷத்துக்குப் பிறகு சிலை திரும்பும்போது கோயிலில் வேறொரு சிலை இருக்கிறது. எது பழையது என்று அடையாளம் காட்ட உயிரோடு ஆளில்லை. கடைசியில் கண் தெரியாத ஒரு முதிய ஈரங்கொல்லி, அதாவது துணி வெளுக்கிற தொழிலாளி, இரு சிலைகளின் ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தையும் பருகிப் பார்த்து, வந்ததுதான் பழையது என்று தீர்ப்புச் சொல்கிறார். நம்பெருமாள் என்ற பெயரே அவர் வாயிலிருந்து வந்ததாம். பண்டிதரும் அதிகாரியும் கைவிட்ட இடத்தில் ஒரு தொழிலாளியின் நாக்கு வரலாற்று ஆதாரமாகிறது. படையெடுப்பைப் பற்றி உரத்துப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும், சுல்தானின் மகளையும் துணி வெளுத்தவரையும், மெல்ல விட்டுவிடுகிறார்கள்.

கோணமலையில் நடந்தது

இனி நம் கரைக்கு வருவோம். ஒருமுறை வகுப்பில் கோணேசர் கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போது, “சேர், சிலையை ஒளிச்சது எங்கட ஆக்களுக்குப் பயந்தா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை. சிலையை உடைக்க வருகிறவன் என்றால் அது முஸ்லிம்தான் என்று எங்கேயோ பார்த்தும் கேட்டும் அதன் மனசில் பதிந்துபோயிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கோணேசர் கோயிலை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. 1622 சித்திரைப் புத்தாண்டில் இடிக்கப்பட்டது என்பது கோயில் மரபு. கோட்டை கட்டிய காலத்தை வைத்து 1624 என்பாரும் உண்டு. மரபுக் கதை இப்படிப் போகிறது: அன்று சுவாமி நகர்வலம் போயிருந்தது. அந்த வேளை பார்த்துப் பிராமணர் வேஷத்தில் படையாட்கள் உள்ளே நுழைந்தார்கள். வீதியுலா போன மூர்த்திகள் தப்பின; கோயில் தப்பவில்லை. கோயிற் கற்களிலேயே கோட்டை எழுந்தது. இன்றும் பிரெட்ரிக் கோட்டை வாசலில் தமிழ் எழுத்தும் இரட்டைக் கயலும் பொறித்த கல்லைப் பார்க்கலாம். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பின்னாளில் குலைப்பான் என்ற முன்னறிவிப்பை அந்தக் கல்லோடு சேர்த்தே நம் பக்கத்தில் சொல்லுவார்கள்.

தப்பிய சிலைகள் எங்கே போயின? இதற்கு இரண்டு விடை உண்டு. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் மரபின்படி, மலைக்காட்டில் மறைத்து வைத்திருந்த மூர்த்திகள் பிறகு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் அங்கே பிரதிட்டை செய்யப்பட்டன. மற்ற விடையை மண் சொன்னது. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியவர்கள், ஏறத்தாழ 330 வருஷம் மண்ணுக்குள் கிடந்த சோழர் பாணி வெண்கலச் சிலைகளைக் கண்டெடுத்தார்கள்: சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார். டாக்டர் பாலேந்திரா அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1963 மார்ச் 3இல் புதிய கோயிலில் குடமுழுக்கு நடந்தது.

புராணமும் கல்வெட்டும் மண்ணில் கிடைத்த பொருளும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுகிற இடம் இது. ஆனாலும் மூன்றும் ஒரே தரத்துச் சாட்சி இல்லை. வெண்கலச் சிலை, யாரோ அவசரமாகப் புதைத்தார்கள் என்ற அளவுக்குச் சாட்சி சொல்லும். புதைத்தவர் பெயரைச் சொல்லாது. மரபுக் கதை பெயரும் நாளும் சொல்லும், ஆதாரம் தராது. ஒன்றில் இல்லாததை மற்றதிலிருந்து நிரப்பி, எல்லாவற்றையும் வரலாறு என்று எழுதிவிடுகிற பழக்கம் கோயில் மலர்களில் இருக்கிறது. பள்ளிவாசல் மலர்களிலும் அதே பழக்கம்தான்.

அதே ஆண்டுகள், அதே கை

கோயில் மலர்களும் நமது ஊர் வரலாறுகளும் சேர்த்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. கோணேசர் கோயிலை இடித்த அதே டி சாவின் காலத்தில், 1626இல், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டவர் கண்டி மன்னன் செனரத். நாலாயிரம் பேரை அவர் மட்டக்களப்பில் குடியமர்த்தினார் என்று எழுதியவர் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ். அம்பாறை என்ற மாவட்டமே 1961இல் பிரிந்ததுதான். அன்றைய மட்டக்களப்பு என்பதற்குள் நம் கரையும் அடக்கம்.

அவர்கள் வருவதற்கு முன்பும் சோனகர் இங்கே இருந்தார்கள். முக்குவர், திமிலர் சண்டையில் பட்டாணியர் துணைநின்ற கதை அந்தப் பழைய குடியிருப்பின் நினைவுதான். ஆகவே கிழக்கு முஸ்லிம்கள் எல்லாரும் 1626இல் வந்தவர்கள் என்று யாரும் கணக்கு முடிக்க வேண்டாம். என் நோக்கம் வேறு. நாலைந்து வருஷ இடைவெளியில், ஒரே தளபதியின் கையால், கோணமலையில் ஒரு கோயில் போனது, மேற்குக் கரையில் ஒரு குடி வீடு வாசல் இழந்தது. கோயில் மரபையும் கணக்கில் எடுத்தால், இரண்டும் ஒதுங்கியது ஒரே அரச வம்சத்தின் நிழலில்: குடிகளுக்குச் செனரத், மூர்த்திகளுக்கு அவர் மகன் இராஜசிங்கன்.

இந்துக்கள் எழுதும் வரலாற்றில் நாலாயிரம் பேர் இல்லை. நாம் எழுதும் வரலாற்றில் கோணேசர் கோயில் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே புத்தகத்தை ஆளுக்குப் பாதியாகக் கிழித்து வைத்துக்கொண்டு, தன் கையில் இருப்பதே முழுநூல் என்று சொல்கிற மாதிரி இது.

பாண்டிருப்பிலிருந்து பார்த்தால்

கல்முனைக்கும் மருதமுனைக்கும் நடுவே இருக்கிற பாண்டிருப்பில் உட்கார்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே எல்லாரும் அறிந்தது திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. தாதன் என்ற அடியார் இந்தியாவிலிருந்து வந்து இவ்வழிபாட்டைத் தொடங்கினார் என்பது கோயில் கதை. பாண்டவர் இருப்பு என்பதே பாண்டிருப்பு ஆனது என்பாரும் உண்டு. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாக அதை ஏற்பது கடினம். வெளியூரிலிருந்து வந்த ஒன்று இந்த மண்ணில் எப்படி உரிமை பெற்றது என்று சொல்லும் கதையாக அதை மதிக்கலாம். நம் அவுலியாக்களின் சியாரக் கதைகளிலும் இதே அமைப்பைக் காணலாம்: கடல் கடந்து ஒருவர் வருகிறார், ஊர் அவரைத் தன்னவர் ஆக்கிக்கொள்கிறது.

இன்று இந்தக் கரையில் எழுதப்படும் ஊர் வரலாறுகளில் அநேகமானவை, முதலில் வந்தது யார் என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடுகின்றன. பிரதேச செயலக எல்லையா, காணியா, வீதிப் பெயரா, எதற்கும் பின்னால் ஒரு வரலாற்று நூல் தேவைப்படுகிறது. அப்படி எழுதும்போது அயலவனின் இழப்பு நமக்கு இடைஞ்சலாகிவிடுகிறது. அவனும் துரத்தப்பட்டவன் என்று ஒத்துக்கொண்டால் நம் வழக்கின் பலம் குறைந்துபோகும் என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 1990க்குப் பிறகு அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வரலாறு எழுதுகிறவன் வக்கீல் வேலை பார்த்தால், அவன் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பாதி வரலாறுதான்.

ஆகவே நம் சஞ்சிகைகளில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வேலை காத்திருக்கிறது. ஒன்று, 1620களைப் பற்றி எழுதும்போது மூர்த்திகளின் ஒளிவையும் முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் ஒரே அத்தியாயத்தில் வைப்பது. மற்றது, திருவரங்கத்துக் கதையை யாராவது நமக்கெதிராக எடுத்து வரும்போது, நடக்கவில்லை என்று மறுக்காமல், நடந்ததை ஒத்துக்கொண்டு, முழுக்கதையையும் சொல்லும்படி கேட்பது. சுல்தானின் மகளுக்கு இடம் கொடுத்த அந்தப் பழைய ஏட்டை எழுதியவர்களுக்கு, இன்று அதை எடுத்துக்காட்டிப் பேசுகிற பலரைவிடத் தாராளமான மனசு இருந்தது.

வகுப்பில் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் சின்னதுதான்: “இல்ல மனே, அந்தச் சிலையை ஒளிச்ச காலத்தில் நம்மட ஆக்களும் ஒளிய இடம் தேடித்தான் திரிஞ்சாங்க.”