ரிப்பேரும் திருத்தலும்

சேலம் அஸ்தம்பட்டியில் 'பிரிட்ஜ் ரிப்பேரு' என்றால் அது ஓடவில்லை என்று பொருள். 'ரிப்பேர் பண்ணணும்' என்றால் ஓட வைக்க வேண்டும் என்று பொருள். கெடுவதற்கும் சரியாவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். யாழ்ப்பாணத்தில் பிரிட்ஜ் பழுதாகும். பிறகு அதைத் திருத்துவார்கள், பரீட்சைத் தாளைத் திருத்துவது போல.

இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியவர் என் சகலை. யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். தொண்ணூறுகளில் அகதியாக வந்து, சேலத்தில் படித்து, இங்கேயே பெண் எடுத்து, அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு மாடி வீட்டில் பதினைந்து வருஷம் வாடகைக்கு இருந்தவர். போர் முடிந்து சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிட்டார். இரண்டு ஊரிலும் பிரிட்ஜ் வைத்திருந்த மனிதர் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு அவரைவிட்டால் எனக்கு ஆள் கிடையாது.

முதலில் நம் பக்கம். சேலத்து வெயிலில் பிரிட்ஜ் நின்றுபோனால் முதலில் புளிப்பது இட்லி மாவு. இரண்டு நாள் மாவை ஒரே நாளில் ஊற்றித் தீர்க்க வேண்டும் என்ற பதற்றத்தில்தான் மெக்கானிக்குக்கு போன் போகும். அவர் எக்ஸெல் வண்டியில் கேஸ் சிலிண்டரையும் வேக்குவம் பம்பையும் கட்டிக்கொண்டு வருவார். ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலுக்கே தனியாக இரண்டு வருஷப் படிப்பு உண்டு. படித்தவர்களும் அவர்களிடம் எடுபிடியாக இருந்து கற்றவர்களுமாக ஊருக்குள் ஆள் கிடைக்கிறார்கள். ரிலே, தெர்மோஸ்டாட், கதவு கேஸ்கட் எல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிவிடலாம். இதையெல்லாம் மீறி வீட்டுக்காரன் எதற்கு ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்?

தொட்ட கதையும் உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது ஒற்றைக் கதவுப் பெட்டி. பிரீசரில் ஐஸ் கட்டி, பால் கவரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவிலிருக்கும் டீப்ராஸ்ட் பொத்தானை அமுக்கிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், தோசைத் திருப்பியின் முனையால் ஐஸைப் பெயர்த்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். டயரில் முள் ஏறின மாதிரிதான் இருந்தது. பிரீசரின் அலுமினியத் தகட்டுக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் வழி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணா, கடப்பாறை கிடைக்கலையா?" என்றார். தகட்டை ஒட்டி, பில்டர் மாற்றி, கேஸ் ஏற்ற ஆன செலவில் பழைய பிரிட்ஜ் ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

ஆகவே அஸ்தம்பட்டி வீட்டு வைத்தியம் பிரிட்ஜின் தோலோடு நின்றுவிடுகிறது. கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி இழுப்போம். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. வெந்நீரில் துணியை நனைத்து ரப்பரை ஒத்தி, விரலால் இழுத்து உட்கார வைப்போம். காய்கறி டிரேயின் அடியில் தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் கீழே இருக்கும் சின்ன ஓட்டையை ஈர்க்குச்சியால் குத்திவிடுவோம். பின்னாலிருக்கும் கறுப்புக் கம்பி வலையில் வருஷக்கணக்காகச் சேர்ந்த தூசியைத் துடைப்போம். துடைத்தாலே பாதிப் பெட்டிகள் மறுபடி குளிரும். இப்போது வரும் பெட்டிகளில் அந்தக் கம்பியைப் பக்கத் தகட்டுக்குள் மறைத்துவிட்டார்கள். பக்கம் சுடுகிறது என்று பயந்து போன் செய்கிறவர்களுக்காகவே மெக்கானிக்குகள் ஒரு பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஸ்டெபிலைசர். 1977-ல் கொச்சியில் ஸ்டெபிலைசர் செய்து தொடங்கியதுதான் வி-கார்டு கம்பெனி. சாயங்காலம் தெருவே விளக்குப் போடும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

சகலையின் வீட்டில் கதை வேறு. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. வராது என்று தெரிய ஒரு வருஷம் ஆனதாம். அவர்கள் வீட்டு பிரிட்ஜை அவருடைய அப்பா துடைத்து, கறையான் ஏறாமல் காலடியில் தகர டப்பா வைத்து, பிள்ளைகளின் புத்தகங்களை அதற்குள் அடுக்கினார். கதவு ரப்பர் இறுக்கமாக இருந்ததால் எலியும் எறும்பும் போகவில்லை. மேல் தட்டில் அரிச்சுவடி, முட்டைக் குழிகளில் பென்சில் துண்டுகள். "நான் ஓ/எல் பரீட்சைக்குப் படிச்ச புத்தகமெல்லாம் குளிராத பிரிட்ஜுக்குள்ளதான் இருந்தது," என்பார். பேட்டரி, மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெட்ரோலில் உதைத்துக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எதையும் பிரித்துப் பார்க்காமல் இன்னொருவரிடம் கொடுக்க அங்கே இன்னொருவர் இல்லை.

இதைக் கேட்டதும், ஈழத்துக்காரர்களுக்குக் கைவேலை ரத்தத்திலேயே இருக்கிறது என்று புகழத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சகலை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் அஸ்தம்பட்டியில் இருந்த பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிரிட்ஜைத் திறந்து பார்த்ததில்லை. அவரும் போன்தான் செய்தார். 2012-ல் தமிழ்நாட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்தபோது நாங்கள் இன்வெர்ட்டருக்கு ஓடினோம். மின்விசிறிக்கும் விளக்குக்கும் வாங்கியது பிரிட்ஜை இழுக்காது என்று தெரிந்து மாவை ஆட்டும் நாளை மாற்றிக்கொண்டோம். அவரும் அதையேதான் செய்தார். குடாநாட்டு வித்தை எதையும் எடுத்துவிடவில்லை. கூப்பிட்டால் வருகிற ஆள் இருக்கும் தெருவில் கை சும்மா இருக்கக் கற்றுக்கொள்கிறது.

ஊர் திரும்பியதும் கை மறுபடி விழித்துக்கொண்டது. 2020 முதல் இலங்கை இறக்குமதிகளை இறுக்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டாலர், மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அங்கேயே பிரிட்ஜ் செய்கிற தொழிற்சாலை உண்டு (சிங்கர் குழுமத்தின் ரெக்னிஸ், 'சிங்கர்' என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் வரும் பெயர்), ஆனாலும் உள்ளே போகும் பல சாமான்கள் கப்பலில்தான் வர வேண்டும். மெக்கானிக் வந்து பார்த்து, "பாட்ஸ் வந்தா சொல்லுறன்" என்று போய்விடுவார். வராது. மின்கட்டணமும் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 விழுக்காடு ஏறியது. அப்போது இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500-ஐத் தாண்டினால்தான் வயிற்றில் புளி கரையும். அங்கே சகலையின் மனைவி இரவில் பிரிட்ஜையே அணைத்துவிட்டுப் படுத்தார். மீனை அன்றன்றைக்கு வாங்குகிற ஊர் என்பதால் அது முடிந்தது. நம் வீட்டில் மாவு விடாது.

2023-ல் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் போய் இறங்கியபோது அவர் வீட்டில் ஒரு மர்மம் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு இரண்டு முறை, ஒருமுறை நடுச்சாமத்தில்கூட, வீடு முழுக்க இருண்டுவிடும். ட்ரிப் சுவிட்ச் விழுந்து கிடக்கும். தூக்கிவிட்டால் நிற்கும். சில நேரம் அரைமணி கழித்துத்தான் நிற்கும்.

இந்த ட்ரிப் சுவிட்சில்தான் இரண்டு ஊர்ப் பழக்கமும் உண்மையில் பிரிகிறது. இலங்கையில் பெரும்பாலான வீடுகளில் அது இருக்கிறது. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் அளவு வித்தியாசப்பட்டாலே இணைப்பை வெட்டிவிடும். எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அஸ்தம்பட்டியின் பழைய வீடுகளில் அது கிடையாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் இப்போது போடுகிறார்கள். அதனால் நமக்குக் கசிவு தெரிவது விரல்நுனியில். 'பிரிட்ஜைத் தொட்டா ஜிர்ருங்குது' என்று சொல்லி, முன்னால் ஒரு ரப்பர் மேட்டைப் போட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு திற என்று குழந்தைகளைப் பழக்குவோம். அங்கே கசிவைக் கண்டுபிடிக்காமல் விளக்கு எரியாது. இங்கே கசிவோடு குடித்தனம் நடத்தலாம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்பார்கள்.

சகலை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மோட்டார் இல்லை. அயர்ன் பாக்ஸ் இல்லை. பிரிட்ஜைப் போட்டுப் பார்த்தார், விழவில்லை. நான் பிரிட்ஜ் இல்லை என்றேன். "பொறுங்கோ," என்று அதன் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். ஐஸ் கட்டாத இரட்டைக் கதவுப் பெட்டி, பழைய மாடல். அதில் ஒரு டைமர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்தி, பிரீசருக்குப் பின்னாலிருக்கும் ஹீட்டரை எரியவிட்டு, படிந்த பனியை உருக்கும். டைமரின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு. ஸ்க்ரூ டிரைவரை அதில் வைத்து மெல்லத் திருகினார். "இப்ப விழும் பாருங்கோ." டிக் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி வீடு இருட்டு. இருட்டுக்குள் அவர் சிரிக்கிற சத்தம். ஹீட்டருக்குள் ஈரம் இறங்கி, அது எரியும் நேரத்தில் மட்டும் மின்சாரம் உடம்புக்குக் கசிந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றி டேப் சுற்றினார். அதோடு ட்ரிப் விழுவது நின்றது. பத்து நாளுக்கு ஒருமுறை பிரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, அடியில் துணி போட்டுப் பனியை உருக்குவது அவர் வேலையாயிற்று.

கேஸ் இருக்கும் குழாயை மட்டும் அவரும் தொடுவதில்லை. ஆர்-12 ஓசோனைத் தின்கிறது என்று உலகம் முழுக்க விலக்கப்பட்டு, ஆர்-134ஏ வந்து, இப்போது பல பெட்டிகளில் ஆர்-600ஏ. இது ஐசோபியூட்டேன்; அடுப்பு கேஸுக்குப் பங்காளி. ஒரு பெட்டியில் சில பத்து கிராம்தான் இருக்கும், ஆனால் தீப்பிடிக்கும். கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பற்றவைப்புக் குழலை நீட்டுகிறவர் எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் அவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

நான் கிளம்பும்போது ஹீட்டரின் போட்டோவையும் மாடல் எண்ணையும் சகலை என் போனுக்கு அனுப்பினார். சேலத்துக் கடைக்காரர் மாடல் எண்ணைக் கேட்கவே இல்லை, போட்டோவைப் பார்த்து, "நீளம் எத்தனைங்கண்ணா?" என்று மட்டும் கேட்டு, கண்ணாடிக் குழல் ஒன்றை எடுத்து வைத்தார். அடுத்த மாதம் இங்கே வந்திருந்த கொழுந்தியாள் (சகலையின் மனைவி) ஊர் திரும்பியபோது அதை நாலு முழ வேட்டியில் சுற்றி, தட்டுவடைப் பொட்டலத்துக்கும் புடவைகளுக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தோம். முனையிலிருந்த கனெக்டர் பொருந்தவில்லையாம். வெட்டிவிட்டுப் பழைய கனெக்டரை ஒட்டி மாட்டி, டைமரைத் திருகி, விளக்கு அணையாமல் எரிகிற போட்டோவை எனக்கு அனுப்பினார்.

அந்தப் போட்டோ வந்தபோது எங்கள் பிரிட்ஜ் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை டக் என்று அடித்து நின்றுகொண்டிருந்தது. ரிலேவாக இருக்கும் என்று சகலை சொன்னார், எப்படிக் கழற்றுவது என்றும் சொன்னார். மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார் என்றேன். முந்தாநாளும் அதையேதான் சொன்னார்.