நிலத்தின் இசையும் தலைவன் இசையும்

மதுரையில் வையையின் வடகரையில் அமைந்த செல்லூரில் திருவாப்புடையார் திருக்கோயில் உள்ளது. தேவாரம் இத்தலத்தைத் திருவாப்பனூர் என்னும். திருஞானசம்பந்தர் இதன்மேற் பாடிய பதிகம் முதல் திருமுறையில் 88ஆவதாக வைக்கப்பட்டுள்ளது. அதன் பண் குறிஞ்சி. ஆற்றங்கரையும் கண்மாயும் வயலும் உடைய மருதநிலத்து ஊரை மலைநிலத்தின் பெயர்கொண்ட பண்ணாற் பாடுதல் எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம், திணையிலக்கணம் பயின்ற மாணவர்க்கு எழுதல் இயல்பே. முதல் திருமுறையில் 75 முதல் 103 முடியவுள்ள பதிகங்கள் எல்லாம் குறிஞ்சிப் பண்ணுக்கு உரியன. அவற்றுள் குற்றாலம், பரங்குன்றம் ஆகிய மலைத்தலங்களும் உண்டு. ஆப்பனூர் போன்ற ஆற்றங்கரைத் தலங்களும் உண்டு. எனவே, பண்ணின் பெயர்கொண்டு நிலத்தைத் துணிதல் தேவாரத்தில் இயலாது என்பது தெளிவு. நிலத்தோடு இசைக்கு இருந்த கட்டு அங்கு அவிழ்ந்துவிட்டது.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்த மரபு குறிஞ்சியை இராப்பண்களுள் வைத்துள்ளது. தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்கு உரிய சிறுபொழுதாக யாமத்தைக் கூறும். நிலம் நீங்கியும் பொழுது நீங்கவில்லை. இதனைப் பழைய திணைமரபின் எச்சமாகக் கொள்வதில் தவறில்லை என்பது எம் கருத்து.

இசையானது நிலத்தோடு பொருந்துமா, பொழுதோடு பொருந்துமா, அன்றிக் கேட்போன் ஒருவனோடு மட்டும் பொருந்துமா என்னும் இவ்வினா, இன்று நம் மாணவர் பலர் பொழுதைக் கழிக்கும் ஒரு புதிய கலையைத் திறனாய்வதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஒரு வீரனின் வேடம் பூண்டு, கற்பனை நாடொன்றில் மலையும் காடும் கடலும் கடந்து விரும்பிய திசையெல்லாம் திரியும் கணினி விளையாட்டுகளையே ஈண்டுக் குறிக்கின்றோம். இவற்றைத் 'திறந்த உலக' விளையாட்டுகள் என்பர். திரைப்படத்தில் இசையமைப்பாளர் காட்சியின் நீளத்தை அறிந்து இசை அமைக்கின்றார். இவ்விளையாட்டிலோ ஆடுவோன் எப்பொழுது எங்குச் செல்வான், எவ்வளவு நேரம் நிற்பான் என்பது எவர்க்கும் தெரியாது. ஆதலின் இசையைச் சிறு சிறு பகுதிகளாக அமைத்து, சூழல் மாறுந்தோறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியோ ஒலிக்குமாறு பொறிக்குக் கட்டளை இட்டுவிடுகின்றனர்.

இதன் வளர்ச்சியை அறிய ஒரு வரிசையே போதும். ஜெரமி சோல் இசையமைத்த 'மாரோவிண்ட்' 2002இல் வெளிவந்தது. அதில் இசை, திரிதற்கு உரியது, போருக்கு உரியது என இரு பகுப்பே உடையது. எரிமலைச் சாம்பல் படிந்த நிலத்திலும் பசும்புல் நிலத்திலும் ஒரே தொகுதியிலிருந்து ஏதேனும் ஒன்று ஒலிக்கும். 2006இல் வந்த 'ஒப்லிவியன்' ஊருக்கும் நிலவறைக்கும் தனித்தனி இசை வகுத்தது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' காலை, பகல், மாலை, இரவு என்னும் பொழுதுகளையும் இசையிற் புகுத்தியது. முன்னிரண்டிற்கும் இசையமைத்தவரே இதற்கும் இசையமைத்தார். 2015இல் போலந்து நாட்டார் வெளியிட்ட 'தி விட்சர் 3', பெர்சிவல் என்னும் நாட்டுப்புற இசைக்குழுவின் துணைகொண்டு, ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் வேறுபட்ட இசையை அளித்தது. முதலில் செயல், பின்னர் இடம், அதன்பின் பொழுது என இவ்விசை வளர்ந்தது.

இதனைக் காணும் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியத்தின் கருப்பொருட் பகுதி நினைவுக்கு வாராமற் போகாது. அங்கே பறையும் யாழும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. பிற்காலத்தார் விரித்துரைத்த பறைகளின் பெயர்களை நோக்குக: ஏறுகோட்பறை, நெல்லரிகிணை, மீன்கோட்பறை. ஏறு தழுவுதல், நெல் அரிதல், மீன் பிடித்தல் என ஒவ்வொன்றும் ஒரு செயலாற் பெயர்பெற்றது. யாழின் பகுதியோ நிலத்தாலும் பொழுதாலும் வேறுபடுவது. திரியும் இசை, போர் இசை என விளையாட்டு வகுத்த பகுப்புக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வியப்பளிக்கின்றது. இவ்வொப்புமை கொண்டு, 'திணை இசையே இன்று கணினியில் மீண்டும் பிறந்தது' என்று மகிழ்ந்து கூறிவிடத் தோன்றும். அங்ஙனம் கூறுதல் பொருந்தாது.

பறையை முழக்குவோர் யாவர்? அந்நிலத்து மக்கள். ஏறுகோட்பறை ஆயர் பாடியில் ஒலிப்பது. அதனை ஏறும் கேட்கும், ஆயரும் கேட்பர், வழிப்போக்கனும் கேட்பான். விளையாட்டின் போர் இசையை முழக்குவோர் அவ்வுலகில் எவரும் இலர். அதனைப் பகைவனும் கேட்பதில்லை. 'மாரோவிண்ட்' விளையாட்டில் கிளிஃப் ரேசர் என்னும் பறக்கும் விலங்கு ஒன்று உண்டு. அதன் தொல்லையை அறிந்தோர் இதனை நன்கு உணர்வர். அவ்விலங்கு கண்ணிற் படுமுன்பே போர் இசை எழுந்துவிடும். ஆடுவோன் வாளை உருவிக்கொண்டு வானத்தைத் துழாவுவான். இசை இங்கே நிலத்தின் ஒலி அன்று; ஒருவன் செவியில் மட்டும் ஓதப்படும் எச்சரிக்கை. முன்னதை நிலஇசை என்றும், பின்னதைத் தலைவன் இசை என்றும் வேறுபடுத்திக் கொள்வோம்.

இவ்வேறுபாட்டை விளக்கச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று இல்லை. கதை செல்லும் வழியெல்லாம் நிலந்தோறும் இசை மாறுவதை இளங்கோவடிகள் அமைத்துள்ளார். நெய்தலிற் கானல்வரி, பாலையில் வேட்டுவ வரி, முல்லையில் ஆய்ச்சியர் குரவை, குறிஞ்சியிற் குன்றக்குரவை என அவை நிற்கின்றன. இவற்றுள் ஆய்ச்சியர் குரவை நிற்கும் இடத்தை உற்று நோக்க வேண்டும். வடக்கிருந்து வந்த கோவலனும் கண்ணகியும் வையையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைந்தனர். கண்ணகி மாதரியின் மனையில் தங்கினாள். கொலைக்களக் காதையில் கோவலன் வெட்டுண்டு வீழ்கின்றான். அதனை அடுத்தே ஆய்ச்சியர் குரவை வருகின்றது. பால் உறையாமை முதலிய தீநிமித்தங்களைக் கண்ட ஆய்மகளிர், அவை நீங்கும்பொருட்டு மாயவனைப் பாடிக் கைகோத்து ஆடுகின்றனர். கோவலன் இறந்ததை நாம் அறிவோம், அவர்கள் அறியார், கண்ணகியும் அறியாள். அடிகள் அவ்விடத்து இசையைச் சோகமாக மாற்றினாரல்லர். முல்லை நிலம் தன் இசையைத் தானே பாடுகின்றது. அது கண்ணகியின் விதிக்கு ஏற்ப வளையவில்லை. வளையாமையாலேயே நம் நெஞ்சு நடுங்குகின்றது. இக்காட்சியை இன்றைய விளையாட்டு ஒன்றின் முறைப்படி அமைப்பின், கொலை நிகழ்ந்த நொடியே பாடியின் குழலோசை அடங்கித் துயர இசை எழும். பின்னர் வரும் துன்பமாலைக்கு வலிமை ஏது?

'சங்கப் பாடலிலும் உரிப்பொருளே தலைமையானது. முதலும் கருவும் அதற்குத் துணை நிற்பனவே. ஆகவே அங்கும் இசை தலைவன் தலைவியர் உணர்வுக்காகவே அமைந்தது அன்றோ' என ஒருவர் வினவலாம். நல்ல வினா. துணை நிற்றல் என்பது வேறு, ஏவல் கேட்டல் என்பது வேறு. பிரிவுத் துயரில் வாடும் தலைவியை மாலைப் பொழுதின் ஆயன் குழல் வருத்துவதாகப் பாடுதல் நம் மரபு. திருக்குறளிலும் பொழுதுகண்டிரங்கல் அதிகாரத்தில் இது காணப்படும். ஆனிரையோடு வீடு திரும்பும் ஆயனுக்கு அக்குழல் இன்பம். அவன் தலைவியை அறியான். நேற்றுத் தலைவன் உடனிருந்தபொழுதும் அதே குழல்தான் ஒலித்தது. அவளுக்கும் அது இனித்தது. இசை மாறவில்லை, கேட்பவள் நிலை மாறியது. பொருள் கேட்பவள் நெஞ்சிற் பிறக்கின்றது. கேட்பவள் துயருற்றாள் என்பதற்காகக் குழலே ஒப்பாரியாக மாறியிருப்பின், அங்குப் பொருள் பிறக்க இடமில்லை.

இவ்வளவைக் கொண்டு நோக்கின், 2017இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'பிரெத் ஆஃப் த வைல்ட்' தனித்து மதிப்பிடத்தக்கது. அவ்விளையாட்டின் வெட்டவெளியில் தொடர்ந்த இசை இல்லை. புல்லின் சலசலப்பும் காற்றும் அடிச்சுவடும் கேட்க, இடையிடையே பியானோவின் சில சுரங்கள் மட்டும் விழுந்து மறையும். பேரிசைக்குப் பழகிய செவியினர் இதனை வறுமை என்றனர். எமக்கு இது துணிவாகவே தோன்றுகின்றது. அதில் காஸ் என்னும் பாணன் ஒருவன் வருகின்றான். பறவை உருவினன், அக்கார்டியன் இசைப்பவன். அவனைக் காணுமுன் அவன் இசை தொலைவிலிருந்து மெல்லக் கேட்கும். அவ்வோசையைப் பின்பற்றிச் சென்றால் அவனை அடையலாம். இவன் இசை நிலத்தில் நிற்கும் ஒருவனது இசை. ஆற்றுப்படை பயின்றோர்க்கு இப்பாணனைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. எனினும் அதே விளையாட்டில் கார்டியன் என்னும் பொறி வீரனை நோக்கியவுடன் பியானோ விரைந்து அதிரும். அது தலைவன் இசையே. தலைவன் இசை இழிந்தது என்பது எம் கருத்தன்று. ஆடுவோன் உயிர் தப்ப அது வேண்டும். ஒரு விளையாட்டில் நிலஇசைக்கு இடமே இல்லாதபொழுது நிலமும் வெறும் திரைச்சீலை ஆகிவிடுகின்றது என்பதே எம் குறை.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் செல்லூர்த் தெருக்களில் நடந்து பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். ஒரு தெருவில் மேளம், மறு தெருவில் ஒலிபெருக்கிப் பாட்டு, ஆற்றுப்பக்கம் மக்கள் ஆரவாரம் என மூன்றும் கலந்தே செவியில் விழும். நடப்பவன் எவன், அவன் மகிழ்ந்தானா நொந்தானா என்று அவற்றுள் எதுவும் கேட்பதில்லை.

பொழுதின் செய்தி இன்னும் எஞ்சியுள்ளது. 'ஸ்கைரிம்' பொழுதுக்கு ஏற்ப இசையை மாற்றுகின்றது எனக் கண்டோம். ஆனால் அவ்வுலகின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் 72 நிமிடமே. 'பிரெத் ஆஃப் த வைல்ட்' உலகில் ஒரு நாள் 24 நிமிடம். ஆகவே அங்கு இராப்பொழுதின் இசை இரவை அறிவிக்கும் மணியாக நிற்க இயலுமேயன்றி, இரவு முழுதும் விரிந்து படர இயலாது. பண்ணோ விரிவை வேண்டுவது. இன்று குறிஞ்சிப் பண் அரிகாம்போதியாக ஓதப்படுகின்றது. ஓதுவார் ஒருவர் திருவாப்பனூர்ப் பதிகம் முழுவதையும் அதில் நிறுத்திப் பாடத் தொடங்கினால், அவர் முடிப்பதற்குள் அங்குப் பொழுது புலர்ந்துவிடும்.